சத்தம் அப்புறம் சேர்ப்பாங்க

தண்டையார்பேட்டையில் பூட்டிக்கிடந்த எண்ணெய்க் கிடங்கை
பைத்தியக்கார ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள்.
தலைக்கு அறுநூறு, மதியம் பிரியாணி.
காசிமேட்டிலிருந்து முப்பது பேரை
மார்ட்டின் வேனில் ஏற்றிப்போனான்.
அதில் ஒருத்தன் நான், தேசப்பன்.
ஸ்டான்லியில் பதினோரு வருஷமாகச் சீட்டு வைத்திருப்பவன்.
மார்ட்டினுக்கு அது தெரியாது.

வரிசையாக நிற்கவைத்துப் பார்த்துவந்த உதவி இயக்குநர்
என் கையைத் தூக்கிப் பிடித்தார்.
“இந்த நடுக்கம் சூப்பர்ணே. எங்க கத்துக்கினீங்க?”

நடுக்கம் நோயுடையது இல்லை, சார்.
மாத்திரையுடையது.
நோய் முழுசாகப் பேசிக்கொண்டிருந்த நாளில்
இந்தக் கை இருட்டில் ஊசிக்கு நூல் கோத்தது.

சொல்லவில்லை.
முன்வரிசை கிடைத்தது, கூட இருநூறும்.

காலுக்குச் சங்கிலி மாட்டினார்கள்.
பிளாஸ்டிக். துருவைப் பெயிண்டில் தடவியிருந்தார்கள்.
இழுத்துப் பார்த்து, “சத்தமே வரலையே” என்றேன்.
“அதெல்லாம் அப்புறம் சேர்ப்பாங்க.”

எனக்குப் பழக்கம்தான் அது.
படம் ஒருபக்கம் ஓடும்,
சத்தம் வேறெங்கோ பதிவாகி வந்து ஒட்டும்.
மார்க்கெட்டில் எறா நிறுக்கிற பெண்ணின்
வாய் மூடியிருக்கும்.
இவன்தான், இவனேதான் என்று
அவள் குரல் மட்டும் என்னிடம் வரும்.
ஹார்பரில் கப்பல் ஊதினால்
அதில் எங்கள் வீட்டு நம்பர்.

காரணமில்லாமல் சிரிக்கச் சொன்னார்கள்.
வரவில்லை.
நான் சிரித்தபோதெல்லாம்
யாரோ நல்ல ஜோக் சொல்லியிருந்தார்கள்.

டீ இடைவேளையில் லைட்மேன் கதை சொன்னார்.
ஹீரோவுக்குள்ளே ரெண்டு ஆளாம்,
பகலில் கணக்கு வாத்தியார், ராத்திரியில் கத்தி.
எனக்குள் ரெண்டு ஆள் இருந்ததே இல்லை.
ரேஷன் கார்டில் இருக்கிற அதே ஒருத்தன்தான்.
கூட்டமெல்லாம் வெளியே.
கத்தியா?
அந்த வருஷம் நான் கத்தரிக்காய்கூட நறுக்கவில்லை.
சுவர்ப்பக்கம் திரும்பித் தொண்ணூறு நாள் கிடந்தேன்.
அக்கா அஞ்சலாட்சி வைத்துவிட்டுப் போன தட்டில்
சோறு காய்ந்து விறைத்தது.
குளிக்கலாம் என்று காலையில் நினைத்தது
சாயங்காலம்வரை நினைப்பாகவே இருந்தது.
அதையெல்லாம் யாரும் எடுக்கமாட்டார்கள்.
அதில் ஒன்றுமே நடக்காது.

படம் வந்தது. வண்ணாரப்பேட்டையில் சாயங்கால ஆட்டம்.
கார்மெண்ட் கம்பெனியில் அரைநாள் லீவு போட்டு
அக்கா வந்திருந்தாள்.
ஹீரோ தோளுக்குப் பின்னால்
ரெண்டு செகண்ட் மங்கலாக வந்தேன்.
முகம் இல்லை. கை மட்டும் ஆடியது.
சங்கிலிக்கு நல்ல இரும்புச் சத்தம் சேர்த்திருந்தார்கள்.

“மெண்டல் பார்றா” என்றது ஒரு குரல்.

எனக்கு ஒரு கணக்கு உண்டு.
அக்கா தலை திரும்பினால் சத்தம் ஊருடையது,
திரும்பாவிட்டால் என்னுடையது.
திரும்பினாள்.
பின்சீட்டில் ஒரு பையன், பாப்கார்னோடு.

ஒன்பது மணி, மாத்திரை வேளை.
தண்ணி பாட்டிலை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
மாத்திரையே வறளடித்த வாயில்
மாத்திரையைப் போட்டேன்.
கிளைமாக்ஸ் பூராவும் நாக்கில் கசந்தது.
ஹீரோவைக் கடலில் தள்ளிக் கொன்றபோது
ஜனம் கை தட்டியது.
அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்,
தட்டக்கூடாதென்றா, ஆடக்கூடாதென்றா,
கேட்கவில்லை.

திரும்பி நடக்கையில் எண்ணூர் ரோட்டில்
கண்டெய்னர் லாரிகள் ஹார்பர்வரைக்கும் நின்றன.
டிரைவர்கள் சக்கரத்துக்கடியில் ஸ்டவ் மூட்டியிருந்தார்கள்.
“தேசப்பா!”
நான் நடந்துகொண்டே இருந்தேன்.
“டேய் தேசப்பா!”
அக்கா நின்றாள். திரும்பினாள்.
நானும் திரும்பினேன்.

பைக்கில் மார்ட்டின்.
“வர்ற வாரம் ஒரு பொணம் வேணும்.
சும்மா படுத்தா போதும், எழுநூறு.
கை மட்டும் ஆடக்கூடாது, இன்னா?”

பார்க்கலாம் என்றேன்.